காளியண்ணன் கண்ட மஞ்சள்

எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் ஜெரோம் சொல்வார், எங்கள் சபைப் போதகர் சொல்வார், நான் வேலை பார்க்கும் கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லாதவர் காளிச்சாமி, நான் காளியண்ணன் என்று கூப்பிடுகிறவர், அவர் ஒருவர்தான். நான் எவ்வளவு கத்தினாலும் "சரிங்க அம்மணி" என்பார். அந்தச் சரியைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டைக்காரனோடு சண்டை போடலாம். எல்லாவற்றுக்கும் சரி என்கிற மனுஷனோடு எப்படி ஐயா போடுவது?

அவர் எங்கள் துறையில் அட்டெண்டர். நான் டெக்னீஷியன். ஒரே நீள அறை. தண்ணீர்த் தொட்டி இருக்கும் கோடியில் அவர், கருவிகள் இருக்கும் கோடியில் நான். அவருக்கு ஊர் அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. என் அப்பா ஊரும் அந்த வட்டாரம்தான். அவர் அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் தோட்டத்தில் மாட்டுக்குப் பின்னாலும் மண்வெட்டிக்குப் பின்னாலும் நடந்தே ஆயுளை முடித்தவர்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்துப் புண்ணியத்தில் படித்து மேலே வந்தேன். அவர் எட்டாவதோடு நின்று, செங்கல் சூளையில் கொஞ்ச நாள், மில்லில் கொஞ்ச நாள் என்று அலைந்து, கடைசியில் கல்லூரியில் வந்து ஒட்டிக்கொண்டார். அதனால் காலனியில் அவருக்குக் 'காலேஜ்காரர்' என்று பெயர். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் காலேஜ்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். அவரும் சளைக்காமல் சொல்வார்.

தொண்ணூற்று நாலில் எங்கள் துறைத் தலைவர் கோவிந்தராஜுலு சார் இலை ஆராய்ச்சியைத் தொடங்கினார். நாம் மூச்சு விட விட, தின்றது செரிக்கச் செரிக்க, உடம்புக்குள் சில முரட்டுத் துகள்கள் பிறக்கின்றன. இரும்பைத் துரு அரிக்கிற மாதிரி அவை உள்ளே அரிக்கும். மூலிகை இலைச்சாற்றில் அந்த முரட்டுத்தனத்தை அடக்குகிற சரக்கு இருக்கிறதா, எந்த இலையில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பார்கள். அந்தச் சொல் காளியண்ணன் வாயில் கடைசி வரை நுழையவில்லை. "அது என்னங்க சார்?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

சார் நல்ல ஆசிரியர். எவருக்கும் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர். "உங்க வீட்ல வாழைப்பூ அரிஞ்சா மோர்த் தண்ணியில போடறாங்கல்ல, எதுக்கு?" என்றார்.

"கறுக்காம இருக்கங்க."

"அந்த மோர் செய்யற வேலைய இந்த இலை செய்யுதான்னு பாக்கறோம்."

"அப்ப இது ஒடம்புக்குள்ள ஊத்தற மோருங்களா சார்?"

சார் சிரித்துக்கொண்டே, "அப்படித்தான்னு வெச்சுக்கங்களேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். காளியண்ணன் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதைக் கடைசி வரை விடவே இல்லை.

இலை கொண்டுவருவது அவர் பொறுப்பு. ஆடாதோடை, நொச்சி, கற்பூரவல்லி எல்லாம் உரச்சாக்கில் கட்டி, அன்னூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருவார். ஆடாதோடை அவர் வீட்டு வேலியிலேயே இருந்தது. ஆடு வாய் வைக்காது என்பதால் அங்கே எல்லாரும் வேலிக்கு அதைத்தான் வைப்பார்கள். கழுவி, பழைய பேப்பரில் பரப்பி, நிழலில் காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, வெந்நீர்த் தொட்டி மேல் வைத்துச் சுண்டவிடுவோம். கடைசியில் கிண்ணத்து அடியில் கரும்பச்சையாய்க் கொஞ்சம் பசை நிற்கும். அதுதான் சரக்கு.

சோதனை வேடிக்கையானது. ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கிறது, கத்தரிப்பூ நிறம். அதில் இந்தப் பசையைக் கரைத்துச் சொட்டு விட்டு, இருட்டில் கொஞ்ச நேரம் வைத்தால், சரக்கு நல்ல சரக்காக இருந்தால் ஊதா வெளுத்து எலுமிச்சை மஞ்சளாகிவிடும். எவ்வளவு வெளுத்தது என்று கருவியில் அளப்பது என் வேலை. முதல் தடவை ஆடாதோடைக் குழாய் மஞ்சளானபோது காளியண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மணி, விசம் எறங்கிருச்சு பாருங்க!"

"விஷமும் இல்ல கிஷமும் இல்ல. கீழ வைங்கண்ணா, ஒடச்சுப்போடாதீங்க."

"சரிங்க. ஆனா எங்க வேலி எலைங்க அம்மணி."

அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமையை நான் மறுக்கவில்லை. அதற்குள் ஒரு பத்திரிகை நிருபர் வேறு வந்து சாரிடம் பேசிவிட்டுப் போய், 'உடல் நச்சை முறிக்கும் மூலிகை இலைகள், கோவைப் பேராசிரியர் கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். "நான் இப்படிச் சொல்லவே இல்லையேய்யா!" என்று சார் தலையில் கை வைத்துக்கொண்டார். காளியண்ணன் அந்தப் பேப்பரை வாங்கிப்போய் வீட்டுச் சுவரில் ஒட்டினார்.

அவருக்கு ஒரே மகள், இளவேனில். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் ஓட்டினாள். கம்பெனி வேன் காலையில் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுதோடு கொண்டுவந்து தள்ளும். தொண்ணூற்றைந்து மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. பஞ்சுத் தூசி என்றார்கள். காளியண்ணன் ஆடாதோடைக் கஷாயத்தில் தேன் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சளிக்கு அதைக் கொடுப்பது ஊரெல்லாம் உள்ளதுதான். என் அம்மாவும் எனக்குக் கொடுத்திருக்கிறாள். நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அட்டெண்டர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எங்கள் அறையில் நுண்ணோக்கி, தராசு, குடுவை எல்லாம் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கும். நான் சபைக்குப் போகிறவள் என்றாலும் பொரிக்கும் சுண்டலுக்கும் குறை வைப்பதில்லை. இளவேனில்தான் எனக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். கழுத்தெலும்பு குழி விழுந்து கிடந்தது. திரும்பி நின்று இருமினாள். கைக்குட்டையை மடித்து மறைத்தாள்.

"என்ன கண்ணு அது, சிவப்பா?"

"குங்குமமுங்க அக்கா. பூசை பண்ணினனல்லங்க."

நான் கையைப் பிடித்து இழுத்துப் பிரித்துப் பார்த்தேன். குங்குமமா அது? இரத்தம்.

மறுநாளே அப்பனையும் மகளையும் இழுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளியைச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். காசநோய். டாக்டர் பொறுமையான மனிதர். "பயப்பட ஒண்ணுமில்ல, முழுசாக் குணமாகும். ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை சாப்பிடணும். நடுவுல நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அப்பத்தான் நிறுத்தவே கூடாது" என்றார். சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் சாயம், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அதையெல்லாம் நான் இன்னொரு தடவை சொன்னேன். காளியண்ணன் தலையாட்டினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அம்மணி, இந்தச் சீக்குப் பேர மட்டும் வெளிய சொல்லிப்போடாதீங்க. கண்ணாலம் கட்டிக் குடுக்கோணுமுங்க."

"நான் ஏண்ணா சொல்றேன்? மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க."

"சரிங்க அம்மணி."

மாத்திரை வேலை செய்தது. மார்கழிக்குள் காய்ச்சல் நின்றுவிட்டது, இருமல் அடங்கிவிட்டது, பெண்ணுக்குக் கன்னம் வந்துவிட்டது. நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். காளியண்ணன் தொட்டியில் குடுவை கழுவிக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுக்கிற அளவுக்கு ஆகிவிட்டார். தை பிறந்ததும் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஜாதகம் வந்தது. மாப்பிள்ளை பிரவின்குமார், அங்கே தொழிற்பேட்டையில் வெல்டர்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் காளியண்ணன் என் மேஜைக்கு வந்தார். முகம் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது.

"அம்மணி, மஞ்சளாயிருச்சுங்க."

"எந்தக் குழாய்ண்ணா?"

"குழாய் இல்லீங்க. புள்ளைக்குங்க. ஒண்ணுக்குப் போறது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்திரை திங்க ஆரம்பிச்சதிலிருந்து செவசெவன்னு போயிட்டிருந்துதுங்க. எங்கூட்டுக்காரி பாவாத்தா பாத்துப்போட்டு தெனமும் அழுகை. நான் மாத்திரைய நிறுத்திப்போட்டு, நம்ம எலைய மட்டும் வெறும் வயித்துல குடுத்தனுங்க. ரெண்டே நாள். தெளிஞ்சு மஞ்சளாயிருச்சு. நம்ம குழாய்ல ஆகறாப்பலயே ஆகுதுங்க அம்மணி! அத்தன விசமும் எறங்கிருச்சு."

கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லி வைத்தார்களே, எந்த மகராசன் சொன்னானோ! கையிலிருந்த குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.

"அண்ணா, அது மாத்திரையோட சாயம்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? பீட்ரூட் தின்னா சிவப்பாப் போகுதில்ல? அந்த மாதிரி. மாத்திரைய நிறுத்தினா சாயம் நிக்கும், அவ்வளவுதான். சாயம் போச்சுன்னா நோய் போச்சுன்னு யார் சொன்னது?"

"பீட்ரூட்டு ஒரு நாளைக்குத்தானுங்களே போகும். இது மாசக்கணக்காப் போச்சுங்க."

"ஏன்னா மாசக்கணக்கா மாத்திரை தின்னா! அய்யோ, உங்களுக்கு எப்படிச் சொல்றது! சரி, எலையையும் குடுங்க. நான் வேண்டாங்கல. மாத்திரையையும் குடுங்க. ரெண்டையும் குடுங்க."

அதற்கு மட்டும் அவர் சரி என்று சொல்லவில்லை.

"அது ஆகாதுங்க அம்மணி. ஒரு உறையில ரெண்டு கத்தி நிக்குமுங்களா? நாட்டு மருந்து திங்கறப்ப இங்கிலீஸ் மருந்து உள்ள போச்சுன்னா ஒண்ண ஒண்ணு முறிச்சுப்போடுமுங்க. பத்தியம் கெட்டுப்போகும்."

இது அவர் கண்டுபிடித்த சட்டமில்லை. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். நாட்டு மருந்து தொடங்கினால் புளி நிற்கும், கோழி நிற்கும், நல்லெண்ணெய் நிற்கும், இங்கிலீஷ் மாத்திரை முதலில் நிற்கும். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். இதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன். "கேட்டா வைவாருங்க" என்று குடுவையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

நான் விடுகிற ஆளா? நேரே சாரிடம் போனேன். சார் பதறிவிட்டார். உடனே காளியண்ணனைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி (அவர் உட்காரவில்லை), நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"காளிச்சாமி, நல்லாக் கேளுங்க. நாம பாக்கறது குழாய்க்குள்ள நடக்கறது. மனுஷ உடம்புல இந்த இலை என்ன செய்யும்னு எனக்கே தெரியாது. காசக் கிருமிய இது கொல்லும்னு நான் எங்கயும் சொல்லல. பேப்பர்ல போட்டது தப்பு. மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிங்க."

"சரிங்க சார்."

வெளியே வந்ததும் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பெரிய மனுசனுங்க அம்மணி. நெறகொடம் தளும்பாதும்பாங்க. தான் கண்டுபுடிச்சதத் தன் வாயால சொல்லிக்குவாருங்களா?"

எனக்கு அப்போது சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சார் தெரியாது என்றால் அது அடக்கம். நான் கத்தினால் அது பாசம். டாக்டர் சொன்னால் அது டாக்டர் தொழில். எதைச் சொன்னாலும் அது அவருக்குள் போய் அவருக்கு வேண்டிய நிறத்துக்கு மாறிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். மருந்து வாங்க வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க அங்கே ஆள் உண்டு; அனுப்பவும் செய்தார்கள். போன இடத்தில் இளவேனில் என்று யாருமே இல்லை. ஆஸ்பத்திரி ஆள் காலனிக்குள் வந்து நோயின் பெயரைச் சொல்லி வீடு கேட்டுவிட்டால் என்ன ஆவது என்று, காளியண்ணன் முதல் நாளே கோவையில் கணபதி என்கிற பகுதியில் எவரோ தெரிந்தவர் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். நான் பக்கத்தில் படம் எடுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நடந்த காரியம் அது. சரியான விலாசத்தை நான் சொன்னேன். மறுபடி ஆள் போனார். "புள்ள மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க, அங்கயே மாத்திரை திங்குதுங்க" என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் ஜெரோமை டி.வி.எஸ். ஐம்பதைக் கிளப்பச் சொல்லி நானே போனேன். பாவாத்தாள், காளியண்ணன் மனைவி, வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க கண்ணு, வாங்க, வெய்யல்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க." கோபத்தோடு போனவள் கையில் செம்பைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? குடித்தேன். குடித்துவிட்டுத்தான் சண்டை போட்டேன்.

"நானும் பயந்துதானுங்க கெடக்கறேன்" என்றாள் பாவாத்தாள். "ஆனா புள்ள இப்ப தெம்பாத்தானுங்க இருக்கறா. ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்துட்டும் போயிட்டும் இருக்கறாங்க. ஆஸ்பத்திரி மாத்திரைய எங்கீங்க ஒளிச்சு வெக்கறது? ஒரு கண்ணுல பட்டுதுன்னா இந்தக் கண்ணாலம் நடக்குமுங்களா?"

காளியண்ணன் எங்களுக்கு நொங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

இளவேனில் ரோடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். நன்றாகத்தான் இருந்தாள், அதுதான் என் வயிற்றெரிச்சல். புது வளையல் போட்டிருந்தாள். "அக்கா, மாத்திரை போட்டா கொமட்டிட்டே இருக்குதுங்க. இப்ப எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது. அப்பாவும் நிம்மதியா இருக்கறாரு" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கி வந்திருந்த மாத்திரைகளை அவள் கையில் திணித்தேன். "அப்பனுக்குத் தெரியாமத் தின்னு சாமி. என் தலைமேல சத்தியம் பண்ணு" என்றேன். சத்தியம் செய்தாள். தின்னவும் தின்றாள், பாவம்.

ஆனால் அந்தச் சிவப்பை எங்கே ஒளிப்பது? வீட்டுக்குப் பின்னால் தட்டி கட்டிய மறைப்பு, கீழே சிமெண்டுத் தரை, பக்கத்தில் ஓடும் சின்னக் கால்வாய். மாத்திரையை அரிசிப் பானைக்குள் மறைக்கலாம், அதன் சாயத்தை மறைக்க முடியாது. நாலைந்து நாளில் அம்மா பார்த்துவிட்டாள். அம்மா பார்த்தால் அப்பா பார்த்த மாதிரி.

மறுநாள் நான் அறையைத் திறக்கப் போனபோது காளியண்ணன் எனக்கு முன்னால் வந்து கதவடியில் நின்றுகொண்டிருந்தார். மிச்ச மாத்திரைகளை என் மேஜை மேல் வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரிங்க. உங்க கால்ல வேணும்னாலும் உழுகறனுங்க. எம்புள்ளைக்கு விசத்தக் குடுக்காதீங்க அம்மணி."

சொல்லிவிட்டு அழுதார். ஐம்பது வயது மனுஷன், தோளெல்லாம் குலுங்க. என்ன செய்யச் சொல்கிறீர்கள்? திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், மாத்திரைகளை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினேன். மகளைக் கொல்லப் பார்க்கிறவனாக இருந்தால் போலீஸில் சொல்லலாம். இந்த மனுஷன் மகளைக் காப்பாற்றிக்கொண்டல்லவா இருந்தார்!

மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று ஜெரோமிடம் கேட்டேன். "சொன்னா கல்யாணம் நிக்கும். மாத்திரை திரும்பி வருமா?" என்றார். வராது. கல்யாணம் நின்ற பெண்ணுக்கு அவமானமும் சேரும். நான் சொல்லவில்லை.

வைகாசியில் அவிநாசியில் கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. கோவிந்தராஜுலு சாரும் வந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். இளவேனில் சிரித்த முகமாக வந்து என் காலைத் தொட்டாள். நூறு வருஷம் இரு என்று சொன்னேன். வாயால் சொல்வதுதானே, அதற்கென்ன.

ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கன்னம் போய்விட்டிருந்தது. இருமல் திரும்பியிருந்தது. புருஷன் வீட்டில் கஷாயத்தைச் சரியாகக் குடித்திருக்க மாட்டாள் என்று காளியண்ணன் அளவைக் கூட்டினார். ஆடி முடிந்து பெருந்துறைக்குத் திரும்பிப் போனவளுக்குப் புரட்டாசியில் இரத்தம் கொட்டியது, கைக்குட்டைக்கு அடங்காத இரத்தம். பிரவின்குமார்தான் ஆட்டோவில் போட்டு, பெருந்துறையிலேயே நெஞ்சு நோய்க்குப் பேர்போன ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

அந்தப் பையனோடு சண்டை வந்தால் போட வேண்டும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டுதான் போனேன். அவன் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவள் காலை அமுக்கிக்கொண்டிருந்தான். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மாத்திரை வாங்கிக் குடுத்திருப்பனுங்க அக்கா. எங்க சித்தப்பாவுக்கும் இதே சீக்குத்தான், தின்னு எந்திரிச்சு இப்ப லாரி ஓட்டறாரு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த பாவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

பழைய மாத்திரைகளையே மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை. ஊசி போட்டார்கள், வேறு மாத்திரை மாற்றினார்கள். பாதியில் விட்டதில் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது, இனிமேல் இது அதற்குச் சோறு மாதிரி என்றார் நர்ஸ். பெண் நாளுக்கு நாள் துணி மாதிரி ஆகிக்கொண்டு வந்தாள்.

நான் அடுத்த வாரம் போனபோது டாக்டர் சுற்று வந்தார். இளவயசுக்காரர், வேகமாக நடப்பவர். காளியண்ணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். அண்ணன் பையில் கஷாயப் பாட்டில் இருப்பது எனக்குத் தெரியும்.

"டாக்டருங்க, வைய மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கறனுங்க. ஆடாதோடைக் கசாயம் வெச்சுட்டு வந்திருக்கறனுங்க. மாத்திரையோட அதையும் சேத்திக் குடுக்கலாமுங்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித்தானே நான் அன்றைக்கே தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.

"தாராளமாக் குடுங்க" என்றார் டாக்டர், நின்றபடியே. "சளி கொஞ்சம் இளகும். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

"ஒண்ண ஒண்ணு முறிச்சுப்போடாதுங்களா?"

"எதுக்குங்க முறிக்குது? அதெல்லாம் ஒண்ணுமில்ல. மொதல்லருந்தே ரெண்டும் குடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த டாக்டருக்குக் கதை தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

காளியண்ணன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டிலைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. மொதல்லருந்தே, மொதல்லருந்தே என்று உதடு மட்டும் அசைந்தது. கட்டிலிலிருந்து இளவேனில் கையை நீட்டி அவர் தலையைத் தொட்டாள். பேசினால் மூச்சு வாங்கும் அவளுக்கு.

"உடுங்கப்பா. நானுந்தானுங்க வேண்டாம்னேன். கொமட்டுதுன்னு நாந்தானுங்க சொன்னேன்."

ஐப்பசி கடைசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் போய்விட்டாள். அவளுக்கு இருபது வயது.

கருமாதி முடிந்து காளியண்ணன் வேலைக்கு வந்தார். சார் அவரை வேறு துறைக்கு மாற்றுகிறேன் என்றார், வேண்டாமென்று சொல்லிவிட்டார். இலை வேலையை மட்டும் சார் வேறொருவருக்குக் கொடுத்தார். முதல் நாள் முழுக்க அவர் தொட்டிப் பக்கத்திலேயே இருந்தார். நானும் என் கோடியிலேயே இருந்தேன். மாணவர்கள் எல்லாரும் போன பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணா."

"அன்னிக்கு மாத்திரையக் கொண்டாந்து இந்த மேசை மேல வெச்சனல்லங்க. கும்பிட்டனல்லங்க. அப்ப என்னைய இழுத்து ஓங்கி ஒரு அறை உட்டிருக்கக் கூடாதுங்களா?"

அவர் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அறைந்திருந்தால் கேட்டிருப்பீர்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருப்பேன் என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்?